ஆதிரையின் சத்து மாத்திரை

அக்டோபர் 9, வியாழன்

இன்றைய கருத்தரங்கிலும் வாயைத் திறக்கவில்லை. என் முறை வந்தபோது தலையை ஆட்டினேன். எனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது என்று பேராசிரியர் நினைத்துக்கொண்டு அடுத்தவரிடம் போனார். அவர் நினைத்ததை நான் மறுக்கவில்லை.

வீட்டுக்கு வந்தால் அண்ணி கூடத்தில் பைகளைப் பரப்பி வைத்திருந்தார். நாளை மாலை பெல்ஜியத்தில் இருக்கும் ப்ரூஜ் நகரத்துக்குக் கிளம்புகிறோம். இங்கே நெதர்லாந்தின் ஐந்தோவனிலிருந்து காரில் இரண்டு மணி நேரம்தான். சனி, ஞாயிறு அங்கே. பல நூறு வருடத்துக் கட்டடங்கள், ஊருக்குள்ளேயே கால்வாய்கள், படகுகள். அண்ணன் மகள் ஆதிரை பள்ளிக்கூடத்தில் அந்தப் படகுகளின் படத்தைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து வேறு பேச்சே இல்லை. அவளுக்கு ஏழு வயது. அவள் தம்பி இனியனுக்கு மூன்று. அவனுக்கு எந்த ஊரும் சம்மதம், கையில் ஒரு வாழைப்பழம் இருந்தால்.

"போட்டெல்லாம் வேண்டாம். கோபுரம் பாக்கலாம், குதிரை வண்டில போகலாம்" என்றான் அண்ணன்.

"ஏன் வேண்டாம்? டாக்டரே ஒண்ணும்..." என்று ஆரம்பித்த அண்ணி என்னைப் பார்த்தார். ஏற்கெனவே மடித்து வைத்திருந்த துண்டை எடுத்து மறுபடி மடித்தார்.

நான் இந்த வீட்டுக்கு வந்து ஆறு வாரம் ஆகிறது. முதுகலை முடியும்வரை இங்கேதான் இருக்கப்போகிறேன். எங்கள் வீட்டில் படித்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். முதல் பட்டதாரிச் சான்றிதழ் ஒரு வீட்டுக்கு ஒருவருக்குத்தான் என்பதால் அது அண்ணனுக்குப் போனது. அம்மா இன்னும் என்னை 'ரெண்டாவது முதல் பட்டதாரி' என்றுதான் சொல்கிறாள். அண்ணி திருச்சிக்காரர். அவர் அப்பாவும் அம்மாவும் ஆசிரியர்கள். என்னிடம் ஒரு சுடுசொல் சொன்னதில்லை. ஆனால் நான் அம்மாவோடு போனில் பேசும்போது மட்டும் சமையலறையில் குழாய்ச் சத்தம் நின்றுவிடும்.

தூங்கப் போகுமுன் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கொடுத்தார். கிழமை வாரியாகச் சின்னச் சின்ன அறைகள். பெயர்ச் சீட்டு எதுவும் இல்லை.

"அங்க நீயும் ஆதிரையும் ஒரே ரூம். இனியன் என்னை விடமாட்டான். இது அவளோட சத்து மாத்திரை. காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. மறந்துடாத முப்பிடாதி."

"சரி அண்ணி."

"மறந்துடாத" என்றார் மறுபடியும்.

அக்டோபர் 10, வெள்ளி

மழை. ஆன்ட்வெர்ப் பக்கம் கார்கள் நகரவே இல்லை. இனியன் வாந்தி எடுத்தான். அண்ணனும் அண்ணியும் முன்சீட்டில் மெல்லிய குரலில் பேசிக்கொண்டு வந்தார்கள். 'உங்க அம்மாவுக்கு' என்ற சொல் மட்டும் இரண்டு தடவை காதில் விழுந்தது.

விடுதிக்கு வந்து சேர்ந்தபோது ஆதிரை தூங்கிப்போயிருந்தாள். அண்ணன் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு குறுகலான மரப்படிகளில் ஏறி என் அறையில் படுக்க வைத்தான். கட்டிலைச் சுவரோரமாக நகர்த்தி, மறுபக்கம் தரையில் தலையணைகளை அடுக்கினான். ஏழு வயதுப் பிள்ளை கட்டிலிலிருந்து விழுமா என்று நினைத்தேன். கேட்கவில்லை.

அண்ணி கதவருகில் வந்து நின்றார். "மாத்திரை?"

தலையை ஆட்டினேன். என்னுடைய தலையாட்டலை ஆளுக்கு ஒரு மாதிரி எடுத்துக்கொள்கிறார்கள்.

தூங்குகிற பிள்ளையைச் சத்து மாத்திரைக்காக யாராவது எழுப்புவார்களா?

அக்டோபர் 11, சனி

காலையில் மாத்திரையை நாக்கில் வைத்த உடனே ஆதிரை துப்பிவிட்டாள்.

"கசக்குது அத்தை. நீங்க சின்னப் பிள்ளைல இதைச் சாப்பிட்டீங்களா?"

"இல்லை."

"அப்புறம் நீங்க நல்லாத்தானே இருக்கீங்க?"

மாத்திரையைக் காகிதத்தில் சுருட்டிக் குப்பைக் கூடையில் போட்டேன். கீழே போனதும் அண்ணி, "குடுத்தியா?" என்றார். "குடுத்தேன் அண்ணி." "முழுசா முழுங்கினாளா?" என் முகத்தையே பார்த்தார். நான் இனியனின் காலுறையைச் சரிசெய்தேன். ஒரு சத்து மாத்திரைக்கு எதற்கு இத்தனை கேள்வி?

ஊர் அழகு. அழகு என்றுதான் எழுதவேண்டும். சந்தைச் சதுக்கத்தைச் சுற்றி வரிசையாகக் கூர்க் கூரை வீடுகள், நடுவில் குதிரை வண்டிகள், ஒரு பக்கம் மணிக்கோபுரம். மணி அடிக்கும்போது நெஞ்சுக்குள் அதிர்கிறது. தெருவெல்லாம் சாக்லேட் வாசனையும் குதிரைச் சாண வாசனையும். அம்மாவுக்குப் படம் அனுப்பினேன். 'சாணி எல்லா ஊர்லயும் சாணிதான் போல' என்று குரல் பதிவு அனுப்பினாள். பிறகு அவளே அழைத்தாள். "பிள்ளை என்னட்டி இப்படி மெலிஞ்சிட்டா?" நான் பதில் சொல்வதற்குள் அண்ணன் போனை வாங்கி, "எல்லாரும் நல்லா இருக்கோம்மா, வைக்கேன்" என்று வைத்துவிட்டான்.

"அம்மாகிட்ட எல்லாத்தையும் ஒப்பிச்சிக்கிட்டு இருக்காத, கேட்டியா?" என்றான்.

"என்னத்தை ஒப்பிச்சேன்?"

அவன் போனை என் கையில் திணித்துவிட்டு முன்னால் நடந்தான்.

சதுக்கத்தில் ஆதிரை குதிரையின் பெயரைக் கேட்டுவிட்டு எங்களிடம் சொல்ல ஓடிவந்தாள். "அம்மா, அதோட பேரு..." என்று ஆரம்பித்தவள் நின்றுவிட்டாள். கண் திறந்துதான் இருந்தது. கையிலிருந்த சாக்லேட் உருகி விரலில் வழிந்தது. இனியன் அவள் சட்டையைப் பிடித்து இழுத்தான். அவளுக்குத் தெரியவில்லை. கண்ணிமை மட்டும் லேசாகத் துடித்தது. பிறகு, "என்ன?" என்றாள், நாங்கள்தான் ஏதோ கேட்டதுபோல.

அண்ணன் அண்ணியைப் பார்த்தான். அண்ணி என்னைப் பார்த்தார். நான் குதிரையைப் பார்த்தேன்.

மதியம் அவளுடைய முதுகுப்பையில் பழச்சாறு கொட்டிவிட்டது. கழிவறைக்கு எடுத்துப்போய்த் துடைத்தேன். அடியில், தனி அறையில், ஒரு சாவி இருந்தது. விரல் நீள இரும்புச் சாவி, வளையத்தில் சிவப்புக் கயிறு.

"அது அப்பா வச்சது. எடுத்தா அப்பாவுக்குக் கோபம் வரும்" என்றாள் ஆதிரை.

எங்கள் ஊர்ப் பழைய வீட்டின் சாவி. நான் எட்டாம் வகுப்பு படிக்கும்போது அந்த வீட்டை இடித்துவிட்டார்கள். அதற்கு முன்பும் அந்தச் சாவி கதவில் இருந்ததில்லை. உச்சிமாகாளி அத்தையின் இடுப்புக் கயிற்றில் இருந்தது. அவள் நடந்தால் சாவி ஆடும். அவள் விழுந்தால் யாராவது ஓடிவந்து அதை அவிழ்த்து அவள் கையில் திணிப்பார்கள். பிறகு எல்லாரும் சுற்றி நின்று பார்ப்பார்கள்.

அத்தையைப் பற்றி எங்கள் வீட்டில் பேசுவதில்லை. நானும் இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

சாவியைத் துடைத்து இருந்த இடத்திலேயே வைத்தேன்.

சாயங்காலம் உருளைக்கிழங்கு வறுவல் கடையில் வரிசையில் அண்ணனும் நானும் மட்டும் நின்றோம். இப்போது கேட்கலாம் என்று தோன்றியது.

"அண்ணே, ஆதிரைக்கு..."

"என்னட்டி?"

"ஆதிரைக்குத் தக்காளி சாஸா, மயோனீஸான்னு கேட்டேன்."

அவன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "மயோனீஸ்" என்றான்.

இரவு மாத்திரையைப் பொடித்துச் சாக்லேட் பசையில் குழைத்துக் கொடுத்தேன். பாதி சாப்பிட்டாள். அதற்குமேல் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். அண்ணியிடம் கொடுத்துவிட்டேன் என்று சொன்னேன்.

சத்து மாத்திரைதானே. சத்து மாத்திரை என்றுதான் அண்ணி சொன்னார்.

அக்டோபர் 12, ஞாயிறு, காலை

இன்றைக்கு முழுதாக முழுங்க வைத்துவிட்டேன். வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

அக்டோபர் 12, ஞாயிறு, மாலை

மருத்துவமனை நடைகூடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஆதிரை உள்ளே தூங்குகிறாள். இனியன் என் மடியில் தூங்குகிறான். அதனால் எழுத்து கோணலாக இருக்கிறது.

காலையில் மழை விட்டிருந்தது. அப்பம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே படகுப் பேச்சு வந்துவிட்டது.

"எல்லாத்துக்கும் வேண்டாம் வேண்டாம்னா, பிள்ளை எப்படி வளரும் வேலு?" என்றார் அண்ணி.

"தண்ணின்னா எனக்குப் பிடிக்காது சுபா."

"உங்களுக்குப் பிடிக்கலன்னா நீங்க கரையில நில்லுங்க. நாங்க போய்ட்டு வர்றோம். லைஃப் ஜாக்கெட் கேட்டு வாங்கிப் போட்டுக்கிறோம்."

"அப்பா பயந்தாங்கொள்ளி" என்றாள் ஆதிரை. அண்ணி சிரித்தார். அண்ணனும் சிரித்துவைத்தான்.

அவனுக்குத் தண்ணீர் ஏன் பிடிக்காது என்று அந்த மேசையில் எனக்கு மட்டும்தான் தெரியும். அத்தை துணி துவைக்கப் போனது எங்கள் ஊர்க் கண்மாய்க்கு. முட்டளவு தண்ணீர்தான். அண்ணன் அப்போது கல்லூரி விடுமுறையில் வந்திருந்தான். அவளைத் தூக்கிக்கொண்டு வந்தது அவன்தான். அவள் இடுப்பில் சாவி இருந்தது. நான் முதல் வகுப்பு.

படகுத்துறைக்கு இறங்கும் கல்படிகள் ஈரமாக இருந்தன. கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரம்கூட இல்லை. எங்களுக்கு முன்னால் இருபது பேர் நின்றிருப்பார்கள். ஆதிரை அன்னங்களைப் பார்க்க ஓரமாகப் போய்க்கொண்டே இருந்தாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"வலிக்குது அத்தை, விடுங்க."

"சும்மா நில்லு."

"அம்மா, அத்தை விடமாட்டேங்கறாங்க!"

"கொஞ்சம் விடேன் முப்பிடாதி, அவ என்ன ஓடியா போயிடுவா" என்றார் அண்ணி.

விடவில்லை. ஏன் விடவில்லை என்று யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்று தெரியவில்லை.

படகு வந்து மோதி நின்றது. ஆதிரை அதைக் காட்டக் கையைத் தூக்கினாள். தூக்கிய கை அப்படியே விறைத்தது. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பிள்ளைக் குரலே அல்ல. அவள் தண்ணீர்ப் பக்கமாகச் சாய்ந்தாள். நான் மணிக்கட்டோடு இழுத்தேன். என்மேல் விழுந்தாள். இரண்டு பேரும் படியில் விழுந்தோம். என் கைக்குள் அவள் கை வெட்டி வெட்டி இழுத்தது.

அண்ணி கத்தினார். இனியனை யாரோ ஒரு பெண்மணி தூக்கிக்கொண்டார். அண்ணன் முதுகுப்பையைக் கவிழ்த்துக் கொட்டினான். சாவியை எடுத்து ஆதிரையின் உள்ளங்கையில் வைத்து, அவள் விரல்களைத் தன் இரண்டு கையாலும் மூடினான்.

"பிடிச்சுக்கோ தங்கம். பிடிச்சுக்கோ. பிடிச்சுக்கோ."

அவன் ஐந்தோவனில் மைக்ரோசிப் செய்யும் இயந்திரங்களில் வேலை பார்க்கிறவன். அவனுக்குக் கீழே பதினைந்து பேர் இருக்கிறார்கள்.

பிறகு கழுத்துத் துணியை உருவிச் சுருட்டி அவள் பல்லுக்கிடையில் வைக்கப் போனான்.

"வாயில ஒண்ணும் வைக்காத! தள்ளு!"

அது என் குரல். அவனை நான் ஒருமுறைகூட எதிர்த்துப் பேசியதில்லை. அவன் தள்ளிப்போனான். நான் ஆதிரையை ஒருக்களித்துத் திருப்பினேன். என் கோட்டைத் தலைக்கடியில் வைத்தேன். கல்லூரியில் ஒரு முதலுதவி முகாமில் சொல்லிக்கொடுத்தது. கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டிருந்தேன். அங்கே கேட்கும்போதெல்லாம் எனக்கு அத்தை ஞாபகம்தான். அவளை ஒருமுறைகூட யாரும் திருப்பிப் படுக்க வைத்ததில்லை.

படகுக்காரர் ஆம்புலன்ஸை அழைத்தார். அது வருவதற்குள் துடிப்பு நின்றுவிட்டது. ஆதிரை குறட்டைபோல மூச்சுவிட்டாள். சாவி படியில் கிடந்தது. அண்ணி எடுத்துக்கொண்டார்.

இங்கே வந்தபின் நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.

மருத்துவர் ஒரு பெண். என்னைவிடப் பத்து வயது கூட இருக்கலாம். ஓட்டப்பந்தயக் காலணி போட்டிருந்தார். ஆதிரை என்ன மருந்து எடுக்கிறாள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். அண்ணி போனைப் பார்க்காமல், நீளமான ஒரு பெயரையும் அளவையும் கடகடவென்று சொன்னார். அது சத்து மாத்திரையின் பெயர் அல்ல. சொல்லும்போது அண்ணி என் பக்கம் திரும்பவில்லை.

ஒன்றரை வருடமாகவாம். மருந்து தொடங்கிய பிறகு பெரிதாக வந்ததே இல்லையாம்.

"இந்த வாரம் ஏதாவது வேளை தவறியதா?"

"இல்லை. ஒரு வேளைகூட இல்லை" என்றார் அண்ணி.

மருத்துவர் குறித்துக்கொண்டார். அப்படியானால் இந்த அளவு அவளுக்குப் போதவில்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும், கூட்ட வேண்டியிருக்கும், இல்லையென்றால் இன்னொரு மருந்தைச் சேர்க்க வேண்டியிருக்கும் என்றார். அதனால் சில பிள்ளைகளுக்குத் தூக்கம் வரும், படிப்பில் மந்தம் வரலாம், கவனித்துக்கொள்ள வேண்டும் என்றார். அண்ணி தலையாட்டினார். அண்ணன் தலையாட்டினான்.

நானும் தலையாட்டியிருக்கலாம். மூவரும் தலையாட்டியிருந்தால் அந்த அறையில் எல்லாம் முடிந்திருக்கும். இல்லாத குறைக்கு ஆதிரை இன்னொரு மருந்தை முழுங்கியிருப்பாள்.

"தவறியது" என்றேன் ஆங்கிலத்தில். குரல் வரவில்லை. மருத்துவர் குனிந்தார். "வெள்ளி இரவு கொடுக்கவில்லை. சனி காலை துப்பிவிட்டாள். சனி இரவு பாதி. இன்று காலை மட்டும் முழுதாக. கொடுத்தது நான்தான்."

அண்ணி திரும்பினார். "குடுத்தேன்னு சொன்னியே?"

"சத்து மாத்திரைன்னு சொன்னீங்களே அண்ணி."

குற்றம் சாட்டுவதற்காக அப்படிச் சொல்லவில்லை. வேறு வார்த்தை கிடைக்கவில்லை. அண்ணி கையை ஓங்கிவிடுவார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

மருத்துவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் காத்திருந்தார். பிறகு, இது ரொம்ப உதவியான தகவல், அப்படியானால் எதையும் மாற்ற அவசரப்பட வேண்டாம் என்றார். அடுத்த கேள்விக்குப் போனார். குடும்பத்தில் வேறு யாருக்காவது வலிப்பு இருந்ததா?

"எங்க பக்கம் இல்லை" என்றார் அண்ணி.

"இல்லை" என்றான் அண்ணன்.

மருத்துவர் பேனாவைத் தாளில் வைத்தார். அண்ணி கோட்டுப் பையிலிருந்து சாவியை எடுத்தார். சிவப்புக் கயிறு நனைந்து கறுத்திருந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அண்ணனிடம் கேட்கவில்லை. என்னிடம் கேட்டார்.

"முப்பிடாதி, இது யாரோட சாவி?"

அண்ணன் என்னைப் பார்த்தான். வறுவல் கடையில் பார்த்த அதே பார்வை.

"உச்சிமாகாளி அத்தையோடது" என்றேன். "அப்பாவோட தங்கச்சி. இப்போ இல்லை."

அண்ணன் உட்கார்ந்துவிட்டான். அவனே மருத்துவரிடம் ஆங்கிலத்தில் சொன்னான். எந்த வயதில் வந்தது, எப்படி வரும், எப்படி இறந்தாள். கண்மாய்க்கு ஆங்கிலத்தில் என்ன என்று தடுமாறினான். மருத்துவர் எழுதிக்கொண்டு, இதற்கும் அதற்கும் தொடர்பு இருந்தே ஆக வேண்டும் என்றில்லை, ஆனால் மருத்துவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

"ஒன்றரை வருஷமா" என்றார் அண்ணி. குரல் உயரவே இல்லை. "ஒன்றரை வருஷமா நான் என்ன தப்பு பண்ணேன்னு எனக்குள்ளயே தேடிக்கிட்டிருக்கேன் வேலு. வயித்துல இருக்கும்போது என்ன சாப்பிட்டேன், எங்க விழுந்தேன், எப்ப அழுதேன்னு. நீங்க பக்கத்துலதானே படுத்திருந்தீங்க?"

"சொன்னா உங்க வீட்டுல, எங்க பரம்பரையே இப்படின்னு..."

"நான் உங்க அம்மா என்ன சொல்வாங்களோன்னு பயந்து இவகிட்ட சத்து மாத்திரைன்னு சொன்னேன். நீங்க எங்க அம்மா என்ன சொல்வாங்களோன்னு பயந்து என்கிட்ட ஒண்ணுமே சொல்லல. நல்லா இருக்கு நம்ம குடும்பம்."

பிறகு என்னிடம், "இனியனைத் தூக்கிட்டு வெளிய இரு" என்றார். வெளியே இருக்கிறேன்.

அக்டோபர் 13, திங்கள்

திரும்பிவிட்டோம். காரில் ஆதிரை போட்டில் போகவே இல்லை என்று அழுதாள். அவளுக்கு நேற்று ஒன்றும் நினைவில்லை.

வழியில் பெட்ரோல் நிலையத்தில் அண்ணி காப்பி வாங்கி வந்தார். அண்ணனுக்கு ஒன்று, அவருக்கு ஒன்று. பிறகு மூன்றாவதைப் பின்சீட்டுக்கு நீட்டினார். திரும்பிப் பார்க்கவில்லை. நான் போடும் அளவுக்குச் சர்க்கரை போட்டிருந்தது.

அக்டோபர் 15, புதன்

கருத்தரங்கில் இரண்டு வாக்கியம். அதற்குமேல் வரவில்லை.

டப்பா இப்போது அண்ணியிடம். என்னிடம் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

அக்டோபர் 18, சனி

அம்மா அழைத்தாள். வழக்கம்போல, "பிள்ளை ஏன் மெலிஞ்சிட்டா?" சமையலறையில் குழாய்ச் சத்தம் நின்றது. பிறகு அண்ணி ஈரக்கையோடு வந்து என்னிடமிருந்து போனை வாங்கினார்.

"அத்தை, நான் சுபா பேசறேன். ஆதிரைக்கு வலிப்பு இருக்கு. மருந்து சாப்பிடறா. இவ்வளவு நாள் உங்ககிட்ட சொல்லல."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. அண்ணியின் கையிலிருந்து தண்ணீர் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அண்ணன் அறைக்குள்ளிருந்து வாசல்வரை வந்து நின்றான்.

"உச்சிக்கு இருந்த மாதிரியா தாயி?" என்றாள் அம்மா.

"ஆமா அத்தை."

"மருந்து கேக்குதா?"

"ஒழுங்கா குடுத்தா கேக்குது."

"அப்ப விட்டுராத. ஒரு வேளைகூட விட்டுராத. நாங்க அவளை விட்டுட்டோம்மா" என்று சொல்லிவிட்டு அம்மா அழ ஆரம்பித்தாள். அண்ணியும். நான் குழாயை மூடப் போனேன். அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அண்ணி டப்பாவை என் முன்னால் வைத்தார். போய்ப் பாத்திரம் கழுவினார்.

ஆதிரை வாயை மூடிக்கொண்டாள். "சத்து மாத்திரை வேண்டாம்."

"இது சத்து மாத்திரை இல்லை" என்றேன். "உனக்குச் சில நேரம் உடம்பு உன் பேச்சைக் கேட்காமத் துடிக்கும். அன்னைக்குப் படகுத்துறையில அப்படி ஆச்சு. அது வராம இருக்க இந்த மாத்திரை."

யோசித்தாள். சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. ஆனால் யாரும் வந்து என்னைத் தடுக்கவில்லை.

"அந்தச் சாவி யாரோடது? அம்மா அதை அலமாரில வச்சுப் பூட்டிட்டாங்க."

"எங்க அத்தையோடது. அவங்களுக்கும் இப்படித்தான் வரும்."

மாத்திரையை வாங்கி நாக்கில் வைத்து, முகத்தைச் சுளித்து, தண்ணீரைக் குடித்து, நான் கேட்காமலே வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினாள்.

"உங்க அத்தைக்கும் இதேதான் குடுத்தாங்களா?"

"இல்லை. சாவி மட்டும்தான் குடுத்தாங்க."